திறவாக் கோப்பும் பிறழ்ந்த எழுத்தும்

எழுத்தென்பது கண்ணுக்குப் புலனாகும் வடிவு மாத்திரமன்று. இவ்வடிவு இவ்வொலியைக் குறிக்கும் என எழுதுவோனும் படிப்போனும் கொண்ட உடன்பாடும் அதனுள் அடங்கும். உடன்பாடு மறைந்தவிடத்து வடிவு எஞ்சும், பொருள் எஞ்சாது. சிந்துவெளி முத்திரைகளிற் பொறித்த குறிகள் இன்றும் கண்ணுக்குத் தெளிவாகவே உள்ளன. அவற்றைப் படித்தற்குரிய உடன்பாடு எவரிடத்தும் இல்லாமையால், அறிஞர் பலர் முயன்றும் யாவரும் ஏற்கும் வாசிப்பு இதுகாறும் கிடைத்திலது. கணினியிற் சேமித்த கோப்புக்கும் இவ்வியல்பே உண்டு. வேறுபாடு காலவளவில் மட்டுமே. கல்லெழுத்துக்குப் பல நூற்றாண்டு கழிந்து நேர்வது, கணினிக் கோப்புக்குப் பத்துப் பதினைந்து ஆண்டினுள் நேர்ந்துவிடுகின்றது.

பாடசாலைக் காரியாலயங்களிலும் சங்கங்களிலும் அச்சகங்களிலும் இஃது அன்றாட நிகழ்ச்சியாகும். பழைய கணினியொன்றில் 2003ஆம் ஆண்டுப் பதிப்பான வேர்ட் இருக்கும். புதிய கணினியில் ஆக்கிய கடிதமொன்று மின்னஞ்சலில் வரும். திறந்தால் பொருளற்ற குறிகளே திரையை நிரப்பும். அல்லது இருபதாண்டுக்கு முன் ஆக்கிய மாணவர் இடாப்பொன்றைப் புதிய கணினியில் திறக்க முயலும்போது, இவ்வகைக் கோப்பு தடுக்கப்பட்டுள்ளது என்னும் மறுமொழி வரும். இவ்விரண்டிடத்தும் பெரும்பாலார் கூறும் தீர்ப்பு ஒன்றே: “கோப்பு பழுதாகிவிட்டது.” அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. கோப்பு பழுதாகவில்லை, படிப்பான் இல்லை. தீர்ப்புத் தவறானால் அதன்மேற் செய்யும் செயலும் தவறாகும். பழுதென எண்ணி அழித்துவிடப்பட்ட கோப்புகள், உண்மையிற் பழுதாகிய கோப்புகளினும் பலவாதல் கூடும்.

கோப்பென்பது யாதெனின், பூச்சியம் முதல் 255 வரையுள்ள எண்களை வரிசைப்படுத்திய ஒரு நெடுந்தொடராகும். அவ்வெண் ஒவ்வொன்றும் பைற்று எனப்படும். இத்தொடரில் எவ்வெண் எழுத்து, எவ்வெண் எழுத்தின் பருமன், எவ்வெண் பந்தியின் முடிவு என்பவற்றை வகுத்த ஒழுங்கே கோப்பமைப்பு. பெயரின் ஈற்றிற் புள்ளியை அடுத்து வரும் டொக், எக்ஸ்எல்எஸ் முதலிய பின்னொட்டுகள் அவ்வமைப்பைக் குறிக்கும் சீட்டுகளே; அமைப்பை ஆக்குவன அல்ல. சீனிப் போத்தலில் உப்பென ஒட்டினாற் சீனி உப்பாகாதவாறு, பின்னொட்டை மாற்றுதலாற் கோப்பின் அமைப்பு மாறாது. ஆதலின் முதலில் வினவவேண்டியது சீட்டு யாது என்பதன்று. உள்ளே இருப்பது யாது என்பதே.

இதனை அறிதற்கு எளிய வழியொன்று உண்டு. கோப்பின் பிரதியொன்றை எடுத்து, விண்டோஸ் கணினிகளோடு வரும் நோட்பாட் என்னும் எளிய எழுதுகருவியில் திறந்து, முதலெழுத்துகளை மட்டும் நோக்குதல் வேண்டும். பீ, கே என்னும் இரண்டு ஆங்கிலப் பேரெழுத்துகள் முதலில் நிற்குமாயின், அது ஸிப் எனப்படும் பொதிக் கோப்பாகும். 1989இல் அம்முறையை வெளியிட்ட பில் காட்ஸ் என்பாரின் பெயரெழுத்துகளே அவை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக வந்த வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் கோப்புகள் யாவும் உள்ளமைப்பில் இத்தகைய பொதிகளே. குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் சில முதலில் நிற்குமாயின், அது 1997 முதல் 2003 வரையுள்ள பதிப்புகளின் அமைப்பாதல் பெரும்பான்மை. அதன் முதல் நான்கு பைற்றுகளைப் பதினாறடி எண்களில் எழுதினால், டொக்ஃபைல் என்னும் ஆங்கிலச் சொல்லின் தோற்றம் வரும்படி அவற்றை வகுத்தோர் அமைத்துள்ளனர். பொறியியலாளரிடத்தும் சிலேடை விருப்பம் உண்டுபோலும். இரட்டை வளைவு அடைப்பும் சாய்கோடும் ஆர், ரி, எஃப் என்னும் எழுத்துகளும் முதலில் வருமாயின் அது ஆர்ரிஎஃப் என்னும் பொதுவமைப்பு. ஏறத்தாழ எம்மென்பொருளும் அதனைத் திறக்கும். இணையத்தளங்களிலிருந்து எக்செல் என்னும் பெயரோடு இறக்கிய பட்டியல்கள் சில, உள்ளே வெறும் இணையப் பக்கமாக இருத்தலும் உண்டு. பின்னொட்டும் அமைப்பும் பொருந்தவில்லை என எக்செல் எச்சரிப்பது பெரும்பாலும் இவற்றின் பொருட்டே.

இவை ஒன்றுமின்றிக் கோப்பு முழுதும் வெறுமையாகவோ, அதன் அளவு பூச்சியமாகவோ இருப்பின், அப்பொழுதே பழுதெனத் தீர்மானித்தல் தகும். அந்நிலையில் மென்பொருளை மாற்றிப் பயனில்லை; வேறிடத்துப் பிரதியைத் தேடுதலே வழி. மற்றொரு நுட்பமும் உண்டு. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய புதிய வேர்ட் கோப்பு, பெயராற் புதியதாயினும், பழைய அமைப்பின் முதலெழுத்துகளையே தாங்கி நிற்கும். அத்தகையதைப் பழுதெனக் கருதி வீசிவிடாது, அனுப்பினவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டல் வேண்டும்.

இனி, 2007இல் நேர்ந்த மாற்றம் சிறிது விரித்துரைக்கற்பாலது. அதற்குமுன் வேர்ட் கோப்பின் அமைப்பு, மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மென்பொருளுக்கென வகுத்துக்கொண்ட ஈரெண் அமைப்பாக இருந்தது. புதிய அமைப்போ எழுத்தால் அமைந்த குறிப்புகளைப் பொதியிற் கட்டியதாகும். அதன் விதிகள் 2006 டிசம்பரில் எக்மா நிறுவனத்தின் நியமமாகவும், 2008இல் சர்வதேச நியமமாகவும் வெளியிடப்பட்டன. பழைய ஈரெண் அமைப்பின் விளக்கங்களையும் மைக்ரோசொப்ட் 2008 பெப்ரவரியில் யாவரும் படிக்குமாறு வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மறைந்தாலும் அதன் கோப்பைப் பிறர் படித்தற்குரிய உடன்பாடு இவ்வாறு பொதுவுடைமையாயிற்று. இந்நன்மை பலருக்குத் தெரியாது. அவர்கள் அறிந்தது தம் பழைய வேர்ட் புதிய கோப்பைத் திறக்க மறுத்தது ஒன்றே.

அம்மறுப்பை நீக்குதற்கு, பழைய பதிப்புகளோடு இணைக்கத்தக்க இணக்கப் பொதியொன்றை மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கிவந்தது. 2018 ஏப்பிரலோடு அதனைக் கைவிட்டது. வேர்ட் 2003க்குரிய பாதுகாப்புத் திருத்தங்களோ 2014 ஏப்பிரல் 8ஆந் திகதியோடு நின்றுபோயின. ஆகவே பழைய மென்பொருளைப் புதியதோடு பொருத்த இன்று எங்கெங்கோ கிடைக்கும் பொதிகளைத் தேடி நிறுவுதல் அறிவுடைமையாகாது. லிப்ரேஒபிஸ் என்னும் இலவச மென்பொருள், பழைய டொக், புதிய டொக்எக்ஸ், வேர்ட்பேர்பெக்ட், மைக்ரோசொப்ட் வேர்க்ஸ் ஆகிய பலவகைக் கோப்புகளையும் திறக்கும். ஒரு காரியாலயத்தில் ஒரு கணினியிலேனும் அதனை நிறுவிவைத்தல், பல மொழி அறிந்த துபாசியொருவரை வாயிலில் அமர்த்துவது போன்றதாம்.

எந்த மென்பொருளும் கைக்கு எட்டாதவிடத்தும் புதிய கோப்பிலுள்ள வசனங்களை மீட்டல் இயலும். பிரதியொன்றின் பின்னொட்டை டொக்எக்ஸ் என்பதிலிருந்து ஸிப் என மாற்றினால், விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய கணினியும் அதனைக் கோப்புறையாகக் காட்டும். உள்ளே வேர்ட் எனும் கோப்புறையில் டொக்யுமென்ட் என்னும் பெயருடைய கோப்பில் வசனங்கள் முழுதும் உள. மீடியா எனும் கோப்புறையிற் படங்கள் உள. கோண அடைப்புகளின் நடுவே வசனங்கள் சிதறிக் கிடக்குமாயினும், அவசரத்துக்கு ஒரு கடிதத்தைப் படித்தற்கு இது போதும். சீட்டை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது என முன்னர்க் கூறியது இங்கே பொருந்துமோ எனின், பொருந்தும். உள்ளிருந்தது தொடக்கத்திலேயே பொதிதான். சீட்டு இப்பொழுதுதான் உண்மையைக் கூறுகின்றது.

பழைய கோப்பு புதிய மென்பொருளில் திறவாமைக்குக் காரணம் வேறு. அங்கே படிக்கும் ஆற்றல் இருந்தும், படித்தல் தடுக்கப்பட்டுள்ளது. 2007 செப்ரெம்பரில் வெளிவந்த வேர்ட் 2003க்கான மூன்றாவது திருத்தத் தொகுதி மிகப் பழைய அமைப்புகள் பலவற்றைத் திறக்காதவாறு தடுத்தது. அவ்வமைப்புகள் பாதுகாப்பற்றவை என முதலிற் கூறிய நிறுவனம், குறை அமைப்புகளில் அன்று, அவற்றைப் படிக்கும் தன் நிரலிலேயே உள்ளது என 2008 சனவரியில் ஒப்புக்கொண்டது. பின்வந்த பதிப்புகளில் இத்தடை நம்பிக்கை மையம் என்னும் பகுதியிற் கோப்புத் தடை அமைப்புகள் என்ற பெயரோடு இடம்பெற்றது. வேண்டியபோது அங்கே தடையை நீக்கி, கோப்பைத் திறந்து, புதிய அமைப்பிற் சேமித்து, மீளவும் தடையை இடுதல் முறை. தடையை நிலையாக நீக்கிவிடுதல் ஆகாது. பழைய கோப்பின் உருவில் தீநிரல் வருதல் கற்பனையன்று. மின்னஞ்சல் வழியாக வந்த கோப்பாயின், அதன் பண்புகள் பக்கத்தில் தடைநீக்கம் என்னும் சிறு பெட்டி உண்டா என நோக்குதலும் வேண்டும். சிலவேளை முழுத் தொல்லையும் அச்சிறு பெட்டியளவினதே.

இதுகாறுங் கூறியன திறவாக் கோப்பைப் பற்றியன. திறவாக் கோப்பு தொல்லை தரும். ஆயினும் தீங்கு செய்யாது. தன்னைப் படிக்க இயலவில்லை என அது வெளிப்படையாகக் கூறிவிடுகின்றது. தீங்கு செய்வது பிழைபடத் திறக்கும் கோப்பு. முகம் மலர்ந்து திறந்து, உள்ளடக்கத்தில் ஒரு பகுதியை ஒளித்தோ மாற்றியோ காட்டுவதே அஞ்சத்தக்கது.

இதற்கு 2020இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். கொரோனாத் தொற்றுக் காலத்தில் ஆய்வுகூடங்கள் அனுப்பிய முடிவுகளை, காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட எளிய எழுத்துக் கோப்புகளிலிருந்து எடுத்து, இங்கிலாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் எக்செல் படிவங்களில் இட்டுவந்தது. அப்படிவங்கள் பழைய எக்ஸ்எல்எஸ் அமைப்பின. அவ்வமைப்பு 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. 2007 முதலான புதிய அமைப்போ 10,48,576 நிரைகளை ஏற்கும். எல்லையைக் கடந்த நிரைகள் ஓசையின்றி விடுபட்டன. செப்ரெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையுள்ள எட்டு நாளில், தொற்று உறுதிப்பட்ட 15,841 பேரின் பதிவுகள் நாளாந்தக் கணக்கிற் சேரவில்லை. நோயாளர் தத்தம் முடிவை அறிந்திருந்தனர். ஆயின் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதித்தது. எந்தக் கணினியும் பழுதாகவில்லை, எந்தக் கோப்பும் திறக்க மறுக்கவில்லை என்பதே இங்குக் கருதற்பாலது. மறுத்திருந்தால் அன்றே கண்டிருப்பர்.

விரிதாளில் இத்தகைய மறைவான பிழை வேறும் உண்டு. எக்செல் திகதியை எண்ணாகவே சேமிக்கும். விண்டோஸில் 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணும். மக்கின்ரோஷுக்கென வந்த பழைய பதிப்புகளோ 1904இலிருந்து எண்ணின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திகதிகளைப் பிரதி செய்து ஒட்டினால், நான்கு ஆண்டும் ஒரு நாளும், அஃதாவது 1,462 நாள், வேறுபடும். மாணவரின் பிறந்த திகதிப் பட்டியலில் இப்பிழை புகுந்தால் பரீட்சை விண்ணப்பம் வரை செல்லும். ஒரு வகுப்பார் அனைவரும் ஒரே அளவால் இளையராகவோ மூத்தோராகவோ தோன்றுவாராயின், தட்டெழுதியவரைக் கடியுமுன் இதனை நோக்குக.

தமிழ்க் கோப்புகளைப் பற்றிய பகுதியே இவற்றுள் மிக விரிந்தது. தமிழர்க்கு மிக அணித்தானதும் அதுவே. ஆங்கிலக் கோப்பில் உடன்பாடு ஒன்று போதும்; அமைப்பைப் படிக்க அறிந்தால் எழுத்து வெளிப்படும். தமிழ்க் கோப்பிலோ இரண்டு உடன்பாடுகள் வேண்டும். அமைப்பு திறந்தபின்னும், இன்ன எண் இன்ன தமிழெழுத்து என்னும் இரண்டாம் உடன்பாடு வேறாக நிற்கின்றது.

தமிழுக்குரிய குறியெண்களை யுனிகோட் நியமம் 1991இலேயே வகுத்தது. ஆயினும் சாதாரண கணினிகளில் அவை வழங்கத் தொடங்கப் பத்தாண்டளவு சென்றது. இடைக்காலத்தில் தமிழ் எழுத விரும்பினோர் காத்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவ்வெண்களுக்குத் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துருக்களை ஆக்கினர். இலங்கையில் அவற்றுட் பெருவழக்குப் பெற்றது பாமினி. அதில், ஆங்கில ஜே எழுத்தின் இடத்தில் தகரமும், கே எழுத்தின் இடத்தில் மகரமும், பீ எழுத்தின் இடத்தில் இகரக் குறியும், ஓ எழுத்தின் இடத்தில் ழகரமும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும் உள. ஆகவே பாமினியிற் ‘தமிழ்’ என எழுதிய கோப்பு, கணினியைப் பொறுத்தவரை, ஜே, கே, பீ, ஓ என்னும் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. யுனிகோட்டில் தகரத்துக்கு 2980 என்னும் தனியெண் உண்டு. பாமினியில் தகரத்தின் எண் 106, அஃது ஆங்கில ஜே எழுத்தின் எண். தமிழ் கணினிக்குள் இல்லை. எழுத்துருவின் முகத்தில் மட்டுமே உள்ளது.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டெழுத்துப்பொறியின் தந்தையெனப் போற்றப்படுபவர். அப்பொறியிற் பழகிய கைகளுக்குப் பாமினியின் விசைகள் எளிதில் இசைந்தன. அதன் செல்வாக்குக்கு இஃது ஒரு காரணம். ஆனால் கண்ணாற் காணும் ஒழுங்கே அதிற் சேமிக்கும் ஒழுங்காயிற்று. ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், கால் என மூன்று தனிக்குறிகளாக, இடமிருந்து வலமாக அது வைத்துக்கொள்ளும். யுனிகோட்டோ ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றிக் ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். கொம்பை முன்னே கொணர்ந்து வரைதல் திரையின் வேலை. விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்குரிய துணைநிரலை நிறுவாதவிடத்துக் கொம்பு ககரத்தின் பின்னே நிற்பதற்கும், புள்ளி வட்டமொன்று இடையே தோன்றுவதற்கும் காரணம் இதுவே. அக்கோப்பிலும் பிழையில்லை.

பாமினிக் கோப்பொன்று அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்படும்போது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். வேர்ட் அதற்கு வேறோர் எழுத்துருவைத் தானாக இட்டுக்கொள்ளும். நோய் தேர்வது எளிது. குவியலின்மேற் சுட்டியை வைத்து எழுத்துருப் பெட்டியை நோக்கினால், எழுத்துரு கணினியில் இல்லாதபோதும் அதன் பெயர் அங்கே காணப்படும். பெயர் மறைந்துபோன வெற்றெழுத்துக் கோப்பாயின், ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் தொடரைத் தேடிப் பார்க்கலாம். தமிழ் என்னும் சொல் இடம்பெறாத தமிழ்க் கோப்பு அரிதன்றோ. குவியலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளன்றிக் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே நிறைந்திருப்பின், அது தகுதரம் எனப்படும் திஸ்கியாகவோ, 1999இல் தமிழ்நாட்டரசு நியமமாக்கிய டாப் முறையாகவோ இருத்தல் கூடும். அவை ஆங்கில எழுத்துக்களை அவற்றின் இடத்திலேயே விட்டு, 128க்கு மேற்பட்ட எண்களில் தமிழை அமைத்தன. ஒன்றின் எழுத்துருவை மற்றொன்றின் கோப்புக்கு இட்டால் வேறொரு குவியலே கிடைக்கும்.

உரிய எழுத்துருவை நிறுவினவுடன் கோப்பு முன்போல் தோன்றும். அத்துடன் வேலை முடிந்ததென எண்ணுதல் கூடாது. அதனை யுனிகோட்டுக்கு மாற்றினாலன்றித் தேடுதலும் அகரவரிசைப்படுத்தலும் நிகழா. மாற்றிகள் பல உள. அவற்றைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுண்டு. பாமினித் தமிழும் ஆங்கிலமும் விரவிய கோப்பை முதலில் வெற்றெழுத்தாகச் சேமித்துப் பின்னர் மாற்றியில் இடுவர். வெற்றெழுத்தில் எழுத்துருவின் பெயர் தங்காது. எது தமிழுக்கு நின்ற ஜே, எது ஆங்கிலத்துக்கு நின்ற ஜே என அறியும் ஒரே சான்று அவ்வாறு அழிகின்றது. மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிப் பொருளற்ற அசைகளைத் தரும். ஆதலின் எழுத்துருவை நோக்கி மாற்றும் கருவியை வேர்ட் கோப்பின்மீதே செலுத்துதல் வேண்டும். அஃது இயலாதாயின் தமிழ்ப் பகுதிகளைத் தனித்தனியே எடுத்து மாற்றல் வேண்டும்.

இதனினும் நுண்ணிய தீங்கொன்று, எழுதும்பொழுதே நிகழ்ந்து கோப்பினுட் புதைந்து கிடக்கும். வேர்ட் தான் காண்பது ஆங்கிலமெனக் கருதி, வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும். பாமினியிற் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறு தமிழ்க் குறிகள். சிறிய என் எழுத்து எகரக் கொம்பு. பெரியது ஏகாரக் கொம்பு. ஆகவே ‘கொழும்பு’ என்னும் சொல் வாக்கியத்தின் முதலில் வரின் ‘கோழும்பு’ ஆகிவிடும். ‘தமிழ்’ என்பது முதலில் வரின் ‘துமிழ்’ ஆகும். பின்னையது கண்ணிற் பட்டுவிடும். முன்னையது பலவேளை தப்பிவிடும். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவி இப்பிழையைத் திருத்தாது, உண்மையாகவே பெயர்த்துத் தரும். ஏட்டுச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையாலும், மெய்க்குப் புள்ளி இடப்படாமையாலும், சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் எத்துணை இடர்ப்பட்டனர் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். வீரமாமுனிவர் செய்தாரென்னும் சீர்திருத்தத்தால் நீங்கிய அம்மயக்கம், ஆங்கில வாக்கியத்துக்கு வகுத்த விதியொன்றால் மீளவும் தமிழ்க் கோப்பினுள் நுழைந்தது. இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. வாக்கியத்தின் முதற் சொற்களை மட்டும் ஒருவர் கண்ணாற் பார்த்துச் செல்லுதலே போதும். முழுவதையும் மெய்ப்புப் பார்த்தலினும் அது மிக விரைவாய் முடியும்.

பாமினிப் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கி வைத்துள்ளோம், இனிக் கவலையில்லை என்பாரும் உளர். எழுத்துருவைத் தன்னுள் அடக்கிய பிடிஎஃப் காட்சிக்கு மாறாது நிற்கும் என்பது மெய்யே. நெடுங்காலப் பேணலுக்கென அதன் வகையொன்று 2005இல் சர்வதேச நியமமாகவும் ஆக்கப்பட்டது. ஆயினும் அப்பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்து வேறிடத்து ஒட்டினால் பழைய ஆங்கிலக் குவியலே வரும். அஃது எழுத்தின் படம். அச்சிட்ட பிரதியின் பயனை அது தரும், தேடத்தக்க நூலின் பயனைத் தராது.

கல்லூரி மலர்களும் சங்க வெளியீடுகளும் ஒருகாலத்தில் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளிற் பாமினி கொண்டு கோக்கப்பட்டன. அதன் ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. அடோபி நிறுவனம் 2004இல் அதனை வளர்த்தலை நிறுத்தியது. அதற்கு வழித்தோன்றலான இன்டிசைன், 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் ஆறு, ஏழு ஆகியவற்றின் கோப்புகளைத் திறந்தது, பின்வந்தவை திறவா. 2015இல் வந்த லிப்ரேஒபிஸ் 4.4 முதல் அம்மென்பொருளின் வரைபகுதி அவற்றை ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு முற்றும் பொருந்தும் என எதிர்பார்த்தல் கூடாது. வேர்ட் கோப்புக்கு வழி பல உள. பேஜ்மேக்கர் கோப்புக்கோ வழி ஆண்டுதோறும் ஒடுங்குகின்றது. ஆதலால் பழையன பலவற்றை மீட்க முயலும் கல்லூரியொன்று, முதலில் எடுக்கவேண்டியது இவற்றையே. பழைய கணினியொன்று மூலையில் இன்னும் இயங்குமாயின், அதனை அகற்றுமுன் பேஜ்மேக்கரில் மலரைத் திறந்து, கட்டுரை ஒவ்வொன்றின் வசனங்களையும் ஆர்ரிஎஃப் அமைப்பில் வெளியேற்றிக்கொள்ளலாம். எழுத்துருவின் பெயர் அதில் தங்கியிருக்கும்.

இவை யாவற்றினும் முற்படச் செய்யவேண்டியது ஒன்று. சரியாகத் திறவாத கோப்பை எந்நிலையிலும் அப்பெயரிலேயே மீளச் சேமித்தல் கூடாது. பிழைபடத் திறந்த மென்பொருள், தான் கண்ட பிழையையே கோப்பாக எழுதிவைக்கும். நோட்பாட்டில் திறந்த பொதிக் கோப்பைச் சேமித்தால் அதன் எண்வரிசை குலைந்து, பழுதெனப் பொய்யாகக் கூறியது மெய்யாகிவிடும். மூலத்தை வேறிடத்து வைத்து, வாசிக்க மட்டும் எனப் பூட்டி, பிரதியின்மேலேயே சோதனை செய்க. மாணவர் விவரமோ சம்பளக் கணக்கோ அடங்கிய கோப்பாயின், மாற்றித் தருவோம் என அழைக்கும் இணையத்தளங்களுக்கு அனுப்பாது, தம் கணினியிலேயே இயங்கும் கருவியைக் கொள்க. மாற்றி முடித்தபின், பழைய அச்சுப் பிரதி நூலகத்தில் இருக்குமன்றோ. அதனையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் ஆண்டெண்களையும் ஒப்புநோக்கி முடித்த பின்னரே, மூலம் இருந்த பழைய வட்டைப் பெட்டியில் இட்டு மேலே திகதியையும் எழுத்துருவின் பெயரையும் எழுதுதல் வேண்டும்.